செபஸ்தியான் கிடார் இறங்கிக்கொண்டே போன கதை

விழுப்புரம் வழியாகப் போகாதவர் தமிழ்நாட்டில் அநேகமாகக் கிடையாது. விழுப்புரத்துக்கென்றே வருகிறவர்தான் குறைவு. திண்டிவனமும் அப்படித்தான். எந்த ஊருக்கு எந்தச் சாலை பிரிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிரிந்துபோவதற்காகவே ஜனங்கள் அங்கே வந்து இறங்குகிறார்கள். இப்படி எல்லோரும் கடந்துபோகிற இரண்டு ஊர்களுக்கு நடுவில், எங்கேயும் கடந்துபோகாமல் நின்றுவிட்ட சிலரில் செபஸ்தியானும் ஒருவர்.

பகலில் அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். திண்டிவனம் மேம்பாலத்தின் நிழல் மதியத்துக்கு மேல் அவர் கடைமீது விழும். காணைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் எரிந்துபோன போர் மோட்டார்கள் மினி லாரியில் வந்து இறங்கும். கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். முகூர்த்த நாள்களிலும் திருவிழா நாள்களிலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கப் போவார். இரண்டு தொழிலுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய சாமான் கடையில் அந்தச் சிவப்புக் கிடாரை வாங்கிவந்த அன்றே அவர் அதன் வயிற்றைத் திறந்து பார்த்தார். காந்தத்தைச் சுற்றித் தலைமுடி மாதிரிச் செம்புக் கம்பி. "அட, இதுவும் நம்ம சரக்குதான்" என்று மூடிவிட்டார்.

ஆனால் மோட்டாருக்கு இல்லாத ஒரு குணம் அந்தக் கிடாருக்கு உண்டு. அதன் பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி நிற்காது. முன்பக்கம் ஆறு கம்பிகளும் இழுக்க, முதுகுக்குள்ளே மூன்று ஸ்பிரிங்குகள் இழுக்க, நடுவில் ஆடிக்கொண்டு கிடக்கும். ஒரு கம்பியை முறுக்கி ஏற்றினால் பிரிட்ஜ் முன்னால் சாயும். மற்ற ஐந்து கம்பிகளும் தளர்ந்துபோகும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகளுக்கு மட்டும் புடவை எடுத்த மாதிரி. அந்த ஐந்தையும் சமாதானப்படுத்திவிட்டு வந்தால் முதல் கம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. இந்தச் சமாதான வேலைக்கு ஏதாவது ஒரு ஆதாரம் வேண்டும். 'இந்தக் கம்பி இங்கேதான் நிற்கும், மற்றவை எல்லாம் இதைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்' என்று ஒன்று.

செபஸ்தியானுக்கு அந்த ஆதாரம் பவுலின்.

பவுலின் அவருடைய மனைவி. 'ஸ்டார் வேவ்ஸ் இன்னிசைக் குழு'வின் பாடகியும்கூட. கச்சேரி தொடங்குமுன் அவள் மைக்கை மூடிக்கொண்டு அவர் பக்கம் திரும்பி, "ம்ம்ம்" என்று ஒரே ஒரு சுரம் கொடுப்பாள். கிடாரின் மெல்லிய முதல் கம்பி எங்கே நிற்க வேண்டுமோ சரியாக அந்த இடம். கீபோர்டில் அந்தக் கட்டையைத் தட்டிப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது. தொண்டைக்குள் எங்கேயோ ஒரு கீபோர்டு கட்டையை விழுங்கிவைத்திருக்கிறாள் என்று குழுவில் சொல்வார்கள். செபஸ்தியான் அந்த 'ம்ம்ம்'மைப் பிடித்துக்கொண்டு முதல் கம்பியை நிறுத்துவார். அதைப் பார்த்து மற்ற ஐந்து.

"ஏங்க, இன்னும் திருகிக்கினே இருந்தீங்கன்னா மாப்ள தாலி கட்டி, புள்ளைக்கு ஞானஸ்நானமே குடுத்துடுவாரு" என்பாள்.

"நீ நல்லா இழுத்துக் குடுத்தாதான?"

"மூச்சு இழுத்துக்கினே கெடக்க நான் இன்னா ஆஸ்பத்திரி கேஸா?"

மகள் கிளாராவை நர்சிங் சேர்க்க வேண்டும், லிண்டல் மட்டத்தோடு நிற்கிற வீட்டுக்குத் தளம் போட வேண்டும் என்று பவுலின் குவைத்துக்குப் புறப்பட்டாள். ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூத்தது நடக்கப் பழகியபோது இரண்டாவது பிறந்தது. இரண்டாவது நடந்தபோது மூன்றாவது. அந்த வீட்டில் எப்போதும் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது செபஸ்தியான் செல்போனை நீட்டினார்.

"அந்த ம்ம்-ம ஒரு வாட்டி ரெக்கார்டு பண்ணிக் குடுத்துட்டுப் போயேன்."

"பண்ணி வச்சுக்கினா அப்புறம் எனக்கு எதுக்குப் போன் பண்ணப் போறீங்க? வெள்ளிக்கிழம எனக்கு லீவு. போன் போடுங்க, தர்றேன்."

அப்படியே ஆயிற்று. வெள்ளிக்கிழமை மதியம் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மடியில் கிடாரோடு உட்கார்ந்துகொள்வார். லீவு என்று பெயர்தானே தவிர அங்கே குழந்தைகளுக்கு லீவில்லை. மதியத் தூக்கத்துக்கு அவர்களைப் போட்டுவிட்டுத்தான் அவள் போனை எடுப்பாள். "சாப்ட்டியா", "கிளாரா போன் பண்ணாளா", "மழை பேஞ்சுதா" எல்லாம் முடிந்த பிறகு, "கைய வச்சுக்கினீங்களா? இந்தாங்க" என்று சுரம் கொடுப்பாள். அவர் கம்பியை அதற்கு நிறுத்துவார். அடுத்த வெள்ளி வரை கிடார் அதில்தான் நிற்கும். வெயிலில் தளர்ந்தாலும், மழையில் கழுத்து மரம் ஊதினாலும், மற்ற ஐந்து கம்பிகளைத்தான் சரிசெய்வாரே தவிர முதல் கம்பியைத் தொட மாட்டார். முறுக்காணியில் இருந்து வரும் கம்பி வழியில் சிக்காமல் இருக்க, அது படியும் பள்ளத்தில் கிளாராவின் பழைய பென்சிலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். கோயில் விளக்குக்கு எண்ணெய் விடுகிற பக்தி அதில் இருந்தது.

முதல் வருஷம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் அந்த 'ம்ம்ம்' இறங்க ஆரம்பித்தது.

ஒரே நாளில் இறங்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வீட்டுச் சுவர் இறங்குகிற மாதிரி, பார்த்துக்கொண்டே இருக்கும்போது தெரியாமல் இறங்கியது. செபஸ்தியான் காது செவிடில்லை, அவருக்குத் தெரியும். முன்பு நின்ற இடம் எது, இப்போது நிற்கிற இடம் எது என்று விரலுக்கே தெரியும். ஆனால் அவளிடம், "நீ இறங்கிட்ட" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பதில் வரும். வயதாகிவிட்டது என்று வரலாம். பாட்டெல்லாம் மறந்துபோயிற்று என்று வரலாம். அதைவிட, சொல்லத் தெரியாத வேறேதோ ஒன்று வரலாம். எதற்கு? அவள் கொடுத்த இடத்தில் கம்பியை வைத்தார்.

இதில் ஒரு சிக்கல். கிடார் இறங்கினால் குழு என்ன செய்யும்? ஒழுங்கான குழுவாக இருந்தால் கிடாரிஸ்ட்டை மாற்றும். ஸ்டார் வேவ்ஸின் தலைவர், கீபோர்டு வாசிக்கும் தன்யகுமார், மேல்சித்தாமூர்க்காரர், ஜைனர். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பதால் உலகத்திலேயே பட்டப்பகலில் மைக் டெஸ்டிங் முடித்துவிடுகிற ஒரே இசைக்குழு அவருடையதுதான். நடக்கும்போது எறும்பைப் பார்த்து நடக்கிற மனிதர் ஒரு கிடாரிஸ்ட்டை எப்படி மிதிப்பார்? தவிர, பவுலின் போன பிறகு குழுவுக்கு விழுந்த பள்ளம் அவருக்கும் தெரியும். கீபோர்டில் மொத்தச் சுருதியையும் நூல் நூலாக இறக்குவதற்கு ஒரு வசதி இருக்கிறது. செபஸ்தியான் இறங்கிவரும்போதெல்லாம் தன்யகுமாரும் சத்தமில்லாமல் அதை அமுக்கிக்கொண்டார். கிடாருக்காகக் கீபோர்டு இறங்க, கீபோர்டுக்காகப் பாடகர்கள் இறங்க, ஸ்டார் வேவ்ஸ் மொத்தமும், ஏரி மதகைத் திறந்துவிட்ட மாதிரி, வருஷத்துக்குக் கொஞ்சமாக வடிந்துகொண்டே போனது. விழுப்புரம் மாவட்டத்துக் கல்யாண மண்டபங்கள் எதிலும் யாரும் இதைக் கவனிக்கவில்லை. பந்தியில் அப்பளம் குறைந்தால் கவனிப்பார்கள்.

பவுலின் இடத்துக்கு வந்த பாடகி பவானிக்கு ஒரே சந்தோஷம். "மாஸ்டர், இப்பல்லாம் மேல போற எடம் நோவாம வருது மாஸ்டர். தெனம் சுடுதண்ணி குடிக்கிறேன், அதான்."

புல்லாங்குழல் மாசிலாமணிக்குத்தான் பேஜார். மூங்கிலில் போட்ட ஓட்டையை நகர்த்த முடியுமா? உதட்டை உள்ளே மடித்து, தலையைக் கோணி, தாடையை நெஞ்சில் இடித்துக்கொண்டு ஊதிச் சமாளித்தார்.

"செபா, இன்னும் ஒரு வருஷம் போச்சின்னா நான் தலைகீழா தொங்கிக்கினுதான் ஊதணும். உன் பொஞ்சாதிகிட்ட சொல்லி ஒரு முட்டையாவது அடிச்சிக் குடிக்கச் சொல்லுய்யா."

"நீ முட்டய குடிச்சிட்டு இன்னாத்த கிழிச்ச?"

"நான் எறங்கலயே!"

விழுப்புரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த கிளாரா ஒரு விடுமுறைக்கு வந்தபோது கிடாரின் தலையில் துணி கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினாள். கம்பியைத் தட்டினால் அது எந்தச் சுரம் என்று எழுத்துக் காட்டும் கருவி, ஆன்லைனில் வாங்கியிருந்தாள். தட்டிப் பார்த்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இது ஒரு முழுக் கட்டை கீழ நிக்குதுப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா வாசிக்கிற?"

"அம்மாவுக்கு அங்க ஒடம்பு கிடம்பு சரியில்லையா? உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"நல்லாதான் இருக்கேன்னுது." கிளாரா கிளிப்பைக் கழற்றினாள். "நீ கேட்டா இன்னா?"

அவர் பென்சிலைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

இறங்கிய குழு தரைதட்டியது விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில். மாப்பிள்ளையின் நண்பர் என்று வெளியூர்ப் பாடகர் ஒருவர் வந்தார். பாட்டில்லாத இசையைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். "நீங்களும் சும்மா கூட வாசிங்க ப்ரோ" என்றார் பெருந்தன்மையோடு. பென் டிரைவுக்கு ஸ்டார் வேவ்ஸின் குடும்ப விவகாரம் தெரியாதல்லவா? அது உலகம் ஒப்புக்கொண்ட சுருதியில் ஒலித்தது. செபஸ்தியான் தம்முடைய சுருதியில் தம் பாகத்தை வாசித்தார். இரண்டு லாரிகள் ஒரே பாலத்தில் எதிரெதிரே வந்த மாதிரி இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களே நிமிர்ந்து பார்த்தார்கள் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

வேன் திண்டிவனம் திரும்புகிற வழியில் தன்யகுமார் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினார்.

"செபஸ்தியான், பவுலினு வர்ற ஜூன்ல லீவுல வர்றதா சொன்னீங்க இல்ல?"

"ஆமா மாஸ்டர். சகாய மாதா திருவிழாவுக்கு."

"அதுங்காட்டியும் நானும் கூட எறங்கி வர்றேன். திருவிழா கச்சேரில அவங்களே பாடட்டும், அவங்க சுருதியிலயே வாசிப்போம். அதுக்கப்புறம் கிளாரா வாங்குன அந்த கிளிப்பு. இல்லன்னா வேற கிடார். சரிதானே?"

"சரி மாஸ்டர்."

பின்சீட்டில் மாசிலாமணி கழுத்தைத் தடவிக்கொண்டு, "மாதாவே" என்றார். அவர் கிறிஸ்தவர் அல்லர்.

பவுலின் இதற்குமுன் இரண்டு முறை ஊருக்கு வந்தவள்தான். ஒருமுறை அம்மா சாவுக்கு; துக்க வீட்டில் யார் பாடுவது? இன்னொரு முறை வந்தபோது ஊரடங்கு. கோயிலே பூட்டிக் கிடந்தது. ஆக, அவள் பாட, அவர் பக்கத்தில் நின்று வாசித்து ஆறேழு வருஷம். இந்தத் திருவிழா ஒன்றுதான் கையில் இருந்தது. ஒரே ஒரு பாட்டு. அதற்குக் கிடார் தயாராக இருக்க வேண்டும். செபஸ்தியான் அதிலேதான் ஒரு தப்புச் செய்தார். கம்பிகள் பழசு, மாற்ற வேண்டிய கம்பிகள். ஆனால் புதுக் கம்பி போட்டால் சில நாளைக்கு நீண்டுகொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது. அவள் வரும்போது கிடார் ஆடிக்கொண்டிருக்கக் கூடாது என்று பழசையே விட்டுவைத்தார். போதாததற்கு, திருவிழாவுக்கு முந்தின வாரம் மரக்காணம் பக்கம் மீனவர் குப்பத்தில் அம்மன் கோயில் கச்சேரி. கடற்காற்று கம்பிகளை நக்கிவிட்டுப் போயிருந்தது.

பவுலின் வந்தாள். இளைத்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்து கிளாராவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சத்தமில்லாமல் அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னாள். முன்வரிசை மட்டும் கேட்டது, பின்வரிசை, "இன்னாவாம்? இன்னா சொல்லுது?" என்றது. கதவை மூடினால் தாழ்ப்பாள் சத்தம் போடாமல் விரலால் பிடித்து மூடினாள். பாத்திரத்தைப் பாத்திரத்தின்மேல் வைக்கும்போது நடுவே துணி வைத்தாள்.

"யாரு தூங்குறாங்கன்னு இப்டி பேசுற?" என்றார் செபஸ்தியான்.

"எப்டி பேசுறேன்?" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை அவளுக்கு.

ஒத்திகையிலும் அதே கதை. மைக்கை மூடிக்கொண்டு திரும்பி, "ம்ம்ம்" என்றாள். போனில் வருகிற அதே இறங்கிய சுரம். கிடார் அதில்தான் நின்றது. ஒரு கம்பியையும் திருக வேண்டியிருக்கவில்லை. தன்யகுமார் கீபோர்டையும் சரியாக அங்கே வைத்திருந்தார். பாட்டு எந்தத் தகராறும் இல்லாமல் முடிந்தது. எல்லோரும், "பழையபடியே இருக்குது" என்று பொய் சொன்னார்கள். மாசிலாமணி மட்டும் பொய் சொல்லவில்லை. அவர் தாடை நெஞ்சில் இருந்தது.

திரும்பி வருகையில் செபஸ்தியான் வண்டியை மெதுவாக ஓட்டினார். போனில் வந்த குரலுக்குத் தூரத்தைக் குற்றம் சொல்லலாம். இப்போது பின்சீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது யாரைச் சொல்வது?

திருவிழா அன்று தேர் புறப்படுவதற்குள் கச்சேரி முடிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்திக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரத்தில், பவுலின் மேடை ஏறும்போதே தேரும் புறப்பட்டுவிட்டது. அந்த ஊரில் தேர் உயரம்; தெருவில் மின்கம்பி தாழ்வு. தேர் திரும்பி முடிக்கும்வரை தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஜெனரேட்டர் ஒன்றுதான், அது மாதாவின் விளக்குகளுக்காகத் தேரோடு போய்விட்டது. மேடைக்கு ஒன்று எடுக்கலாமே என்று கமிட்டியில் கேட்கப்பட்டதாகவும், "அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு பொன்னாடை எடுக்கலாம்" என்று முடிவானதாகவும் கேள்வி.

பவுலின் சுரம் கொடுத்தாள். கிடார் ஏற்கெனவே அங்கே இருந்தது. மாதா பாட்டைத் தொடங்கினாள். முதல் அடிகள் வந்தன. மைக் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த சின்னக் குரல். இரண்டாவது அடிகள் தொடங்கும்போது மின்சாரம் நின்றது.

மைக் இல்லை. கீபோர்டு இல்லை. கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிடார் எழுப்பும் சத்தத்துக்குக் கொசுவே பரவாயில்லை. அந்தி மங்கலில் கூட்டம் சலசலத்தது. தெருமுனையில் தேர் மட்டும் தன் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ஏ பவுலினு! நிறுத்தாதடி, மாதா வந்துக்கினு இருக்குது! வாயத் தொறந்து பாடு!"

அவள் பாடினாள். முதலில் கேட்கவில்லை. கூட்டம், "கேக்கல, கேக்கல" என்றது. அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். இன்னும் கொஞ்சம் எடுத்தாள். தேரின் ஜெனரேட்டர் சத்தத்தைத் தாண்ட வேண்டுமே, இன்னும் கொஞ்சம். குரலை வெளியே விடவிட அது தானாக மேலே ஏறியது. ஏறி ஏறி ஓரிடத்தில் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி உட்கார்ந்துகொண்டது. பிறகு தெரு முழுக்கக் கேட்டது. தேர் இழுப்பவர்களே வடத்தைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்கள்.

செபஸ்தியானுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடம்தான், பழைய இடமே. எங்கேயும் போகவில்லை. தொண்டை கெடவில்லை, மறந்துபோகவில்லை, வயதாகவில்லை. தூங்குகிற குழந்தைகள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இத்தனை வருஷமும் அவருக்குச் சுரம் கொடுத்திருக்கிறாள். அவரும் அந்தப் பொத்திய வாய்க்கு ஒரு மொத்த இசைக்குழுவையே இறக்கி வைத்திருக்கிறார்.

சட்டென்று குனிந்தார். சத்தம் வராத கிடாரின் மரத்தில் காதை வைத்து அழுத்திக்கொண்டார். அப்படி வைத்தால் கம்பியின் ஒலி எலும்பு வழியாகக் கேட்கும். ஒரு காதில் கம்பி, மறு காதில் பவுலின். முதல் கம்பியை முறுக்கினார். மற்ற ஐந்தும் தளர்ந்தன. தளரட்டும் என்று இன்னும் முறுக்கினார். முழுக் கட்டை தூரம் ஏற வேண்டும். ஏறியது, கிட்டே வந்தது, இன்னும் ஒரு நூல். அவளும் அதே சுரத்தில் நின்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

கம்பி அறுந்தது.

ஒரு கம்பி போனால் இழுவை குறைந்து ஸ்பிரிங்குகளின் கை ஓங்கும். மீதி ஐந்தும் ஆளுக்கொரு உயரத்துக்கு எகிறின. அதே நேரத்தில் தேர் முனை தாண்டி, மின்சாரம் வந்துவிட்டது. அணைந்து எழுந்த கீபோர்டு, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த இறக்கத்தையெல்லாம் மறந்து, கம்பெனியில் வைத்து அனுப்பிய சுருதியில் எழுந்தது. தன்யகுமார் பதற்றத்தில் எதையும் பார்க்காமல் இரண்டு கையையும் வைத்தார். பொருந்தியது. பவுலின் நின்ற இடமும் கீபோர்டும் ஒன்றாக இருந்தன. மாசிலாமணி ஒரு விநாடி திகைத்துவிட்டு, கழுத்தை நேராக நிமிர்த்திக் குழலை வைத்தார். அவர் முகத்தை அப்படி நிமிர்ந்த நிலையில் பார்த்தவர்கள் குழுவில் பாதிப் பேர்கூடக் கிடையாது. எல்லாம் சேர்ந்துகொண்டன. சேராதது ஒன்றுதான், அது ஒரு கம்பி தொங்க, செபஸ்தியான் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

பாட்டின் நடுவில் பவுலின் திரும்பிப் பார்த்தாள். 'இன்னா, வாசிக்கல?' என்று புருவத்தால் கேட்டாள். அவர் அறுந்த கம்பியைத் தூக்கிக் காட்டினார். பாடிக்கொண்டே சிரித்துவிட்டாள். மறுபடி கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். செபஸ்தியான் மேடையிலேயே நின்று, மற்றவர்கள் மாதிரி, கேட்டார்.

"உங்களுக்காகத்தான்ங்க அவ்ளோ பாடுனேன்" என்றாள் வீட்டுக்கு வந்து. தொண்டை கட்டியிருந்தது.

"ஒரு கம்பிகூட எட்டலயே."

"அடுத்த லீவுக்கு வந்தா பாத்துக்கலாம்."

"மூணாவது புள்ள இப்ப நடக்குதா?"

"நடக்குது. அங்க மேடம் மறுபடி முழுகாம இருக்காங்க" என்றாள்.

அவர் புதுக் கம்பிக் கட்டைப் பிரித்தார். பிரித்து, மாட்டாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே மொட்டை மாடிக்குப் போய் வாயத் தொறந்தே சுரம் தர்றேன்" என்றாள் பவுலின். "அங்க யாரும் தூங்க மாட்டாங்க."

"அந்த ஊரு வெயில்லயா?"

"நீங்க நெழல்ல உக்காந்துக்கினுதான வாசிக்கிறீங்க? வெயில நான் பாத்துக்கறேன்."

லீவு முடிந்து அவள் போனாள். தன்யகுமாருக்குக் கொடுத்த வாக்குப்படி செபஸ்தியான் கச்சேரிகளில் கிளிப் மாட்டிக்கொண்டார். ஸ்டார் வேவ்ஸ் மறுபடியும் உலகத்தோடு ஒத்துப்போக ஆரம்பித்தது. பவானிக்கு மட்டும் திடீரென்று மேல் சுரங்கள் வலித்தன; சுடுதண்ணீரை அதிகமாக்கியிருக்கிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் செபஸ்தியான் ஒரு வேலை செய்வார். யாருக்கும் சொல்லாமல் கிளிப்பைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, ஆறு கம்பிகளையும் தளர்த்திவிடுவார்.

முதல் சில வெள்ளிக்கிழமைகளில் அவளால் மாடிக்கு ஏற முடியவில்லை. ஒரு தரம் விருந்தாளிகள். ஒரு தரம் குழந்தைக்குக் காய்ச்சல். கடைசியாக ஒரு வெள்ளி, கடைக்குக் கிளாராவும் வந்திருந்த மதியம், போனில் காற்றுச் சத்தம் கேட்டது.

"வந்துட்டேங்க. மாடிதான். தண்ணி டேங்குக்குப் பின்னால நிக்கிறேன். அம்மாடி, தரை கொதிக்குது. கைய வச்சுக்கினீங்களா?"

"வச்சுக்கினேன்."

"ஜல்தியா பிடிங்க."

சுரம் வந்தது. பொத்தாத வாய், முழுக் குரல். செபஸ்தியான் முதல் கம்பியை ஏற்றினார். இறங்கிய இடத்தைத் தாண்டி ஏறியது. பாதி வழி வந்தது. பாதிக்கும் மேல் வந்தது. அப்போது போனில் தூரத்தில் ஒரு பெண் குரல், "மரியம்! மரியம்!" என்றது. அந்த வீட்டில் பவுலினுக்கு அதுதான் பெயர்.

"கூப்புடறாங்க, புள்ள எழுந்துக்கிச்சி போல" என்றாள். இணைப்பு நின்றது.

செபஸ்தியான் முறுக்காணியிலிருந்து கையை எடுக்கவில்லை. கம்பி நின்ற இடத்தில் நின்றது. இறங்கிய இடமும் இல்லை, பழைய இடமும் இல்லை.

கிளாரா டப்பாவைத் திறந்து கிளிப்பை நீட்டினாள். "கொஞ்சந்தான்ப்பா பாக்கி. இத்த மாட்டி முடிச்சிடு."

"இருக்கட்டும்."

"நாளைக்கு விழுப்புரத்துல கச்சேரி இருக்குதுப்பா. மாஸ்டர் திட்டுவாரு."

"அது நாளைக்கு" என்றார் செபஸ்தியான். போனைத் திரை மேலே தெரிகிற மாதிரி மடிக்குப் பக்கத்தில் சரியாக வைத்துக்கொண்டார். "இன்னும் வெள்ளிக்கிழம முடியலம்மா."